தார்சும் படிவயலும்



ஓட்டு வீட்டினின்று பிரித்துக் காட்ட, தட்டையான மேல்தளமுள்ள வீட்டைத் ‘தார்சு வீடு’ என்கிறோம். ஆங்கிலேயரின் ‘டெரஸ்’ நம் நாவில் தார்சு ஆயிற்று. அதன் வேர், நிலத்தைக் குறிக்கும் ‘தெர்ரா’ என்னும் இலத்தீன் சொல். மலைச்சரிவில் படிப்படியாகத் திருத்திய வயலுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பெயர் ஒன்றானது போலவே, இவ்விரண்டின் கடமையும் ஒன்றே.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் உருளைக்கிழங்கில் ஒரு பகுதி நீலகிரிச் சரிவுகளில் விளைவது. அங்கே சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்தால், பெருமழை மேல்மண்ணை வாரிச் சென்றுவிடும். உதகையில் 1954-இல் தொடங்கிய மண்வள ஆராய்ச்சி நிலையம் இதனை ஆராய்ந்தது. ஒவ்வொரு படியும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். உள்ளோரத்து வாய்க்கால் வழியே நீர் மெல்ல இறங்க வேண்டும். மேற்படிக்காரர் வாய்க்காலைத் தூர்க்கவிட்டால் உடைவது கீழ்ப்படிக்காரரின் வயல். கரைந்த மண்ணோ பவானி ஆற்றோடு போய், 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் படிகிறது. மலையில் ஒருவர் காட்டிய அசட்டை, கோபிச்செட்டிபாளையத்து உழவரின் பாசன நீரையும் குறைக்கிறது.

வீட்டு மாடியும் அவ்வாறே. கொத்தனார் அதை மட்டமாக விடுவதில்லை. நீர் வடிய ‘வாட்டம்’ கொடுக்கிறார். வாட்டம் தவறினால் நீர் தேங்கிக் கசிந்து, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் நீர் சேரும். அதைச் சேமிக்க வேண்டுமென 2003-இல் தமிழகத்தில் சட்டமே வந்தது. ஆயினும் எத்தனை வீட்டுக் குழாய்கள் இன்றும் அண்டை வீட்டுச் சுவரோரம் கொட்டுகின்றன!

புது வீடு கட்டுவோர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் பணிக்கிறது. அங்கிருந்து ஒருவர் விழுந்து மாண்டால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வருமாம். வீடு நம்முடையதே, ஆயினும் அதில் ஏறும் அயலாரின் உயிருக்கும் நாமே பொறுப்பு.

உயரத்தில் நிற்பவர் தாழ நிற்பவருக்குக் கடன்பட்டவர் அன்றோ! அடுத்த மழைக்குமுன் ஒரு மாலை குடும்பத்தோடு மாடியேறுங்கள். குழாய்வாயில் அடைத்த சருகை அகற்றுங்கள்; கைப்பிடிச் சுவரை அசைத்துப் பாருங்கள். நீர் எவர் வாசலுக்குப் போகிறது என்று ஒருமுறை எட்டியும் பாருங்கள்.