கேள்வி கேட்பது அவமதிப்பல்ல

2022 செப்டெம்பர் 8 இல் காலமான எலிசபெத் மகாராணியின் பூதவுடல், 14 முதல் 19 வரை இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. வரிசையில் நின்றோர் சுமார் இரண்டரை இலட்சம் பேர். அந்நாட்களில் எங்கும் ஒரே கேள்விகள். மூடிய பேழைக்குள் உடல் எவ்வாறு பழுதுறாமல் இருக்கின்றது? காவலர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்பர்?

இவற்றைக் கேட்பதே அநாகரிகம் எனக் கடிந்துகொண்டோர் உளர். நான் உடன்படேன். ஓக் மரப் பேழையின் உட்புறம் ஈயத் தகடு பொருத்தப்படுவது காற்றும் ஈரமும் புகாதிருக்கவே. காவலர் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை நிலை மாறினர். அவ்வாறிருந்தும் ஒருவர் மயங்கி விழுந்தார். இவற்றை அறிவதால் மரியாதை குறைவதில்லை. சடங்கின் பின்னாலுள்ள மனித உழைப்பே புலப்படுகின்றது.

எனது குறை வேறு. செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு அன்று விடை தரப்படவில்லை. கணக்கு பின்னர் வரும் என்றது அரசு. 2023 மே மாதத்திலேயே அது வெளியாயிற்று: ஏறத்தாழ 16.2 கோடி பவுண். அதற்குள் கேட்டவர்களே கேள்வியை மறந்திருந்தனர். பத்திரிகைக்காரர்களாகிய நாமும் ஈயத்துக்கு ஒதுக்கிய இடத்தை இதற்கு ஒதுக்கவில்லை. பொதுப்பணத்தில் நடப்பதை வினவுவது ஆவல் மட்டுமன்று, உரிமையுமாகும்.