உணர்வு இருக்கிறது, உறவு இருக்கிறதா?

நம் பக்கத்து ஊர்களில் ஒரு வன்கொடுமை நடந்து, அதற்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குக் கூட்டம் சேராவிட்டால், மறுநாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நம்ம பிள்ளைகளுக்கு உணர்வே இல்லை." இந்தக் குற்றச்சாட்டு சரிதானா? அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டக் மெக்ஆடம் செய்த ஓர் ஆய்வு வேறு பதிலைத் தருகிறது.

1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யத் தொண்டர்கள் திரட்டப்பட்டார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலக் கல்லூரி மாணவர்கள். போனால் அடி விழும், சிறைக்குப் போக நேரலாம், உயிரும் போகலாம். அந்த ஜூன் மாதத்திலேயே அப்பணியில் இருந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். தேர்வானவர்களில் 720 பேர் போனார்கள். 239 பேர் பின்வாங்கினார்கள்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அந்த விண்ணப்பங்களை மெக்ஆடம் ஒப்பிட்டுப் பார்த்தார். கொள்கைப் பற்றில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தங்கள் பணி பற்றி யாருக்கெல்லாம் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று பத்துப் பேரையாவது எழுதச் சொல்லியிருந்தார்கள். வேறுபாடு அங்கேதான் தெரிந்தது. போனவர்களின் பட்டியலில் உடன் வரும் தொண்டர்களின் பெயர்கள் கூடுதலாக இருந்தன. அவர்கள் ஏற்கெனவே பல அமைப்புகளிலும் இருந்தார்கள். உறவு பின்னாலும் இழுக்கும் என்பதை அவருடைய பிந்தைய ஆய்வு காட்டியது: நெருங்கியவர்கள் எதிர்த்தால், விருப்பம் உள்ளவரும் தயங்குகிறார்.

இதை நம் மாவட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். சிவகங்கை அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் நகை அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது என்று 1930இல் அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி பதிவு செய்திருக்கிறார். கூடிப் பேசி விதித்த தடைகள் அவை. ஊர்களைக் கோத்த கட்டமைப்பு இல்லாமல் அது நடக்காது. தேவகோட்டை அருகே கண்டதேவி கோயில் தேரும் அப்படித்தான். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்று நான்கு நாடுகளின் பெயரில் வடம் பிடிக்கும் உரிமை இருந்தது. தலித்துகளும் வடம் பிடிப்போம் என்று 1998இல் எழுந்த கோரிக்கை, நீதிமன்றம் வரை போன பிறகும் எளிதில் நிறைவேறவில்லை. 2006க்குப் பின் ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூனில்தான் போலீஸ் பாதுகாப்போடு மீண்டும் ஓடியது. சட்டம் நம் பக்கம் இருந்தும் ஏன் இத்தனை ஆண்டுகள்? எதிரே நின்றது தனி மனிதர்கள் அல்ல. தலைமுறைகளாகக் கட்டிய தொடர்பு.

நம் தொடர்புகள் எப்படி இருக்கின்றன? நம் குடியிருப்புகள் ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கிடக்கின்றன. பெண் கொடுத்து எடுத்த ஊர் தவிர மற்ற ஊர்களில் நமக்கு யாரையும் தெரிவதில்லை. தேவேந்திரர், ஆதிதிராவிடர், அருந்ததியர் என்ற பிரிவுகள் வேறு. கூலியும் கடனும் யாரிடம் வாங்குகிறோமோ, அவர்களை எதிர்த்து நிற்கப் பெற்றோர் பிள்ளைகளை விடுவதில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். பின்னே இழுக்கும் கயிறு பலமாக இருக்கிறது. முன்னே இழுக்கும் கயிறு இன்னும் திரிக்கப்படவில்லை.

திரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உறவினர்கள் உடல்களை வாங்க மறுத்து மதுரை அரசு மருத்துவமனையில் போராடினார்கள். பல இயக்கங்கள் துணை நின்றன. 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு சிற்றூர் தனியாக இருந்திருந்தால் அந்த நான்கு ஆண்டுகளைத் தாங்குவது கடினம்.

காரைக்குடிக்கு நாள்தோறும் பஸ் ஏறி வரும் மாணவர்களுக்கும், ஆதிதிராவிடர் நலத் துறை நடத்தும் விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களுக்கும் இந்தப் பணி பெரிதும் பொருந்தும். பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்து எழும் இடம் விடுதி. அங்கே அமையும் பழக்கம் படிப்போடு முடிந்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பேர் இருக்கலாம். காவல் நிலையத்துக்கு இரவில் நம்மோடு வருபவர் யார் என்பதே கேள்வி. நண்பனின் ஊரில் துக்கம் என்றால் போய் நிற்போம். கிராம சபைக்கு ஒருவராகப் போகாமல் நால்வராகப் போவோம். பெற்றோரிடமும் பேசுவோம், அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு.

ஒரு தாளை எடுத்து நாமும் பத்துப் பெயர்களை எழுதிப் பார்க்கலாம்: ஆபத்து என்றால் வருவார்கள் என்று நம்பக்கூடிய, நம் தெருவுக்கும் நம் உட்சாதிக்கும் வெளியே உள்ள பத்துப் பேர். மூன்றாவது பெயரிலேயே பேனா நின்றுவிட்டால், நம் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.