கையொப்பங்கள் பல, பொறுப்பு யாருக்கு?

1996ஆம் ஆண்டு பதிவான ஹூண்டாய் இந்திய நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, 1998இல் தன் முதல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஆவடியிலோ, 1974இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கிகளில் முதல் ஐந்து இராணுவத்தின் கைக்குச் சென்றது 2004இல்தான்! அதற்கு இரண்டு ஆண்டு. இதற்கு முப்பது ஆண்டு.

காரும் டாங்கியும் ஒன்றாகுமா என்று நண்பர்கள் கேட்கலாம். ஆகாதுதான். கார், அயல்நாட்டார் பழகிய தொழில். அர்ஜுன், நம்மவர் புதிதாக வடிவமைத்தது. ஆயினும் தேவையைச் சொல்பவர் ஒருவர், வடிவமைப்பவர் ஒருவர், தயாரிப்பவர் ஒருவர், தரம் பார்ப்பவர் ஒருவர், பணம் ஒதுக்குபவர் வேறொருவர் என்று பொறுப்பு சிதறிக் கிடந்ததும், இடையிடையே தேவைகள் மாறியதும் காலத்தை விழுங்கவில்லையா?

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா? வேண்டும். 1986இல் போபர்ஸ் பீரங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. மறு ஆண்டே லஞ்சப் புகார் எழுந்து நாட்டை உலுக்கியது. மக்கள் வரிப்பணத்துக்குக் காவல் தேவை என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அந்த அச்சத்தின் விலை என்ன? அதே பீரங்கிதான் 1999இல் கார்கில் மலைகளில் நமக்குக் கைகொடுத்தது. அயல்நாட்டிலிருந்து அடுத்த பெரும் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமானதோ 2016இல்! தவறு செய்தவன் தண்டிக்கப்படலாம் என்று அஞ்சி, ஒன்றுமே செய்யாதவன் பாதுகாப்பாக இருந்துவிட்டான்.

2001இல் பாதுகாப்புக் கொள்முதல் குழு அமைந்தது. 2021 அக்டோபரில், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்கள் பிறந்தன; டாங்கிகளுக்கான நிறுவனத்தின் தலைமையகம் ஆவடிக்கே வந்தது. நல்ல மாற்றமே. ஆனால் தேவை ஒப்புதல், விலைப்புள்ளி, களச் சோதனை, விலைப் பேச்சு, நிதி இசைவு என்ற நீண்ட ஏணியின் உச்சி இன்னமும் டில்லியில்தான் இருக்கிறது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2019இல் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. நம் வல்லம் வடகாலுக்கு ஆளில்லா வானூர்திச் சோதனை மையமும் ஒதுக்கப்பட்டது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்காரர் நாளை படைக்கருவிப் பாகமும் செய்யலாம். ஆனால் வங்கிக் கடனுக்கு வட்டியும், தொழிலாளிக்குக் கூலியும் மாதந்தோறும் கொடுக்க வேண்டியவர் அவர். கோப்பு ஆறு மாதம் உறங்கினால் அதிகாரிக்குச் சம்பளம் நிற்காது, பட்டறையோ மூடப்படும். அங்கே வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் நம் வகுப்புத் தோழர்கள்.

எனவே என் கருத்து இதுதான். தேவையைத் தொடக்கத்திலேயே உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் கெடு வையுங்கள். கெடு தவறினால் காரணத்தைக் கையொப்பத்தோடு எழுதச் சொல்லுங்கள். லஞ்சத்தைப் போலவே தாமதத்தையும் நாட்டுக்கு நேர்ந்த இழப்பாக எண்ணுங்கள். வலியறிதலை அடுத்துக் காலமறிதலை வைத்தார் வள்ளுவர். வலிமை வந்து சேரும்போது காலம் கடந்திருந்தால், எல்லையில் நிற்கும் வீரனுக்கு அதனால் பயன் என்ன?