அய்யனார் காத்த விதைகள்

தமிழகத்துத் திருத்தலங்களின் பழம்பெயர்களைச் சற்றே நினைவுகூர்ந்தால், அவற்றுள் பலவற்றில் காடு ஒளிந்திருப்பது புலப்படும். திருமறைக்காடு, திருவாலங்காடு, திருவெண்காடு என்று காட்டையே பெயராகக் கொண்ட ஊர்கள் உண்டு. மதுரைக்குக் கடம்பவனம் என்றும், திருநெல்வேலிக்கு வேணுவனம் என்றும், சிதம்பரத்திற்குத் தில்லைவனம் என்றும் பெயர்கள் வழங்கின. கோயில் எழும் முன்னரே அங்கு மரம் நின்றது என்றும், அம்மரத்தடியில் இறைவன் வெளிப்பட்டான் என்றும் சொல்லும் தலபுராணங்கள் பல. இன்று தில்லை மரத்தைக் கண்ணாரக் காண விரும்பும் அடியவர் பிச்சாவரத்து உப்பங்கழிகளுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பெயர் நிலைத்துவிட்டது, வனம் விலகிச் சென்றுவிட்டது.

ஆயினும், பெரும் ஆலயங்களைச் சுற்றி மறைந்துபோன காடு, சிற்றூர்த் தெய்வங்களைச் சுற்றி இன்னும் உயிர் பிழைத்திருக்கிறது. அய்யனார், கருப்பர், முனீஸ்வரர், பிடாரி, சப்தகன்னியர் ஆகியோர் உறையும் அத்தோப்புகளைக் கோயில்காடு என்று மக்கள் அழைக்கின்றனர். கேரளத்தில் அது காவு, குடகில் தேவரகாடு, மகாராஷ்டிரத்தில் தேவராய், ராஜஸ்தானத்தில் ஓரண். மொழி மாறினாலும் நெறி ஏறத்தாழ ஒன்றே. காட்டு எல்லையில் காலணியைக் கழற்ற வேண்டும். பச்சைக் கிளையை ஒடிக்கலாகாது. பல ஊர்களில் கீழே விழுந்த சுள்ளியைக்கூட அடுப்பெரிக்க எடுத்துச் செல்வதில்லை. மீறினால் சாமி பொறுக்காது என்ற ஒரே சொல், வேலியும் காவலரும் இல்லாமலே பல தலைமுறைகளாக அக்காடுகளைக் காத்து வந்திருக்கிறது.

இந்தக் காவலின் அருமையை வனவியல் அறிஞர்கள் வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்தனர். 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ், இந்நாட்டுத் தெய்வக் காடுகளைப் பற்றி வியந்து எழுதினார். பிற்காலத்தில் மாதவ் காட்கில், வர்த்தக் ஆகிய இரு அறிஞர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெய்வக் காடுகளை ஆராய்ந்து 1970-களில் கட்டுரைகள் வெளியிட்டனர். சுற்றுப்புறத்தில் அழிந்துபோன செடிகொடிகளுக்கு இச்சிறு தோப்புகளே கடைசிப் புகலிடமாக இருப்பதை அவர்களுடைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

சோழமண்டலக் கடற்கரையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாக விளங்கும். இக்கரையோரம் ஒரு காலத்தில் பரவியிருந்தது உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகை. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-இல் சாம்பியன், சேத் ஆகியோர் வெளியிட்ட நூலில் இது தனி வகையாகவே இடம்பெற்றுள்ளது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அவ்வறட்சியிலும் இம்மரங்கள் இலையுதிர்த்து நிற்பதில்லை. வீரை, காயா, பாலை, காட்டு எலுமிச்சை, கருங்காலி முதலிய இம்மரங்களின் இலைகள் பெரும்பாலும் தடித்தவை. எளிதில் நீரை இழக்காதவை. நெருங்கிப் பின்னிய கிளைகள் வெயிலைத் தரையில் விழவிடுவதில்லை. தரையில் படிந்த சருகு ஈரத்தைப் போர்த்துக் காக்கிறது. சித்திரை வெயிலில் அய்யனார் கோயில் தோப்புக்குள் நுழைந்தவுடன் உடம்பு குளிர்வதற்குக் காரணம் இதுவே.

விளைநிலமும் ஊரும் சாலையும் பெருகப் பெருக, இவ்வகைக் காடு சிறு சிறு துண்டுகளாகக் குறுகிப்போயிற்று. எஞ்சிய துண்டுகளில் பல கோயில்காடுகளே. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டில் உள்ள மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்காடு அவற்றுள் புகழ்பெற்றது. கடலூருக்கு அருகில், ஞானசம்பந்தர் பாடிய திருமாணிக்குழித் தலத்தின் பக்கத்திலும் அத்தகைய காடு ஒன்று உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கும், அருகிலுள்ள குழந்தைக்குப்பத்திலும் மரம் மரமாகச் சென்று சுற்றளவை அளந்து குறித்தனர். பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அளந்தனர்.

அத்தகைய ஆய்வுகளில் முதிய மரங்களின் பருமன் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. இளங்கன்றுகள் எத்தனை, அவற்றுள் பிழைப்பவை எத்தனை என்பதும் பார்க்கப்படுகிறது. வானளாவிய மரங்கள் நின்றும் அவற்றின் கீழே கன்றுகள் இல்லையெனில், அக்காடு மெல்ல முடிவை நோக்கிச் செல்கிறது என்று பொருள். தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருந்து, பேரப்பிள்ளைகளின் காலடியே படாத பழைய வீட்டைப் போன்றது அது. பார்ப்பவர் கண்ணுக்கு வீடு கம்பீரமாகத்தான் இருக்கும்.

கோயில்காட்டின் விதைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அங்கு குடியேறியோர் முதலில் கரைகள் எழுப்பி நீரைத் தடுத்தனர். விரைவில் வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினர். பின்னர் மண்ணுக்குரிய மரங்களை வளர்க்க விரும்பியபோது விதைக்காக அவர்கள் நாடிய இடங்களுள் சுற்று வட்டாரக் கோயில்காடுகளும் அடங்கும். அய்யனார் காத்துவைத்த விதைகள் அவ்வாறு ஒரு பொட்டல் வெளியைப் பசுமையாக்க உதவின. முதல் குறையாமல் இருந்தால் வட்டி தலைமுறை தலைமுறையாக வரும் என்பது வரவுசெலவு அறிந்த யாவருக்கும் தெரியும். கோயில்காடு அத்தகைய முதல். அதைக் கரைத்துவிட்டால் எந்தக் கருவூலத்திலிருந்தும் திரும்பப் பெற இயலாது.

அந்த முதலுக்கு இன்று நேரும் ஆபத்து கோடரியால் மட்டும் வருவதன்று; பல சமயம் பக்தியின் பெயராலேயே வருகிறது. வெளியூரில் வசதியாக வாழும் குடும்பத்தார் குலதெய்வத்திற்கு நன்றிக்கடன் செலுத்த விரும்புகின்றனர். மண்குதிரைகள் நின்ற இடத்தில் சிமெண்டு மண்டபம் எழுகிறது. வாகனம் நிறுத்த வேண்டி நான்கு மரங்கள் வெட்டப்படுகின்றன. தரை முழுவதும் கல் பதிக்கப்படுவதால் விதை விழுந்து முளைக்க மண் இல்லாமற் போகிறது. இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று சருகைக் கூட்டி எரிக்கின்றனர். சருகின் அடியில் தலைகாட்டிய கன்றுகளும் அதனுடன் எரிந்துபோகின்றன. வெளிச்சம் புகுந்த இடங்களில் சீமைக்கருவேலம் வேரூன்றுகிறது. செய்தவர் எவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். திருப்பணி என்று நம்பியே செய்தனர்.

முதியோர்க்கு அமர ஓர் இடம், குடிநீர், கழிப்பறை, தடுக்கி விழாத பாதை ஆகியவை தேவையே. மூட்டுவலியோடு நெடுந்தூரம் வந்து குலதெய்வத்தை வணங்கும் அன்னையரை வெயிலில் நிற்க வைப்பது அறமாகாது. ஆயினும் இவ்வசதிகளைக் காட்டின் எல்லைக்கு வெளியே, திறந்த நிலத்தில் அமைக்க இயலும். பொங்கலிடும் அடுப்பும் அன்னதானக் கூடமும் அங்கேயே அமையலாம். சந்நிதிக்குச் செல்லும் ஒற்றைப் பாதை மட்டும் சீராக இருந்தால் போதுமானது.

தீயைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். தென்மாவட்டங்களில் சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பங்கள் திரண்டு செல்லும் பங்குனி உத்திரம், சருகு நன்கு காய்ந்திருக்கும் காலம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கோடைக்காலத்தில் காய்ந்த புல்லின் வழியே நெருப்பு எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை நாடே அன்று கண்டது. மரத்தடியில் ஏற்றிய கற்பூரத்தை அணையும் வரை விட்டு நகராமலிருப்பதும், விளக்கை மண்ணோ கல்லோ உள்ள இடத்தில் வைப்பதும் வழிபாட்டின் பகுதியாகவே கருதத்தக்கவை.

சட்டமும் இப்போது துணைக்கு வந்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தம், சமுதாயக் காப்பகம் என்ற வகையைக் கொண்டுவந்தது. 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானத்து ஓரண்களை அளந்து வரைபடமாக்கிப் பாதுகாக்குமாறு ஆணையிட்டது. நாடு முழுவதும் உள்ள தெய்வக் காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்குமாறு மத்திய அரசுக்கும் பரிந்துரைத்தது. தமிழகத்தில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியிலுள்ள வீரகோயில்காடு, 5 ஹெக்டேருக்கும் குறைவான பரப்பே உடையதாயினும், 2025-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் சிற்றூர்த் தோப்பு ஒவ்வொன்றின் வாயிலிலும் அதிகாரி நிற்க முடியாது. அங்கு நிற்கத்தக்கவர் குடும்பத்துப் பெரியவர்களே. திருப்பணிக் குழுவில் கையொப்பமிடுபவர்களும், நன்கொடை எதற்கு என்று தீர்மானிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தாம். மண்டபத்திற்கு இன்னும் பத்தடி தேவை என்று பிள்ளைகள் கேட்கும்போது, அந்தப் பத்தடியில் நிற்கும் மரத்தின் பெயரைச் சொல்லவும் அவர்களால் இயலும். சாமி பொறுக்காது என்ற பழைய சொல்லை இளையோர் இன்று எளிதில் ஏற்பதில்லை. அச்சொல்லுக்குப் பின்னே இருந்த காரணத்தைப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, சருகை மெல்ல விலக்கிக் காட்டினால் அவர்கள் ஏற்பர். அங்கே இரண்டு இலை விட்டு நிற்கும் வீரைக் கன்று ஒன்று இருக்கக்கூடும். அதை மிதிக்காமல் தாண்டிச் செல்லக் கற்ற குழந்தை, அய்யனாரின் காவலில் தானும் ஒரு பங்கு ஏற்றுக்கொண்டதாகும்.