புத்தக மதிப்பு ஒரு ரூபாய்

போன மாதம் என் மனைவி ஓர் அறிக்கை வெளியிட்டாள்: "வீடு குகை மாதிரி இருட்டா இருக்கு. பெயிண்ட் அடிச்சு, புது பீரோ வாங்கணும்."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். பெயிண்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து 32,000 என்றார். என் பாங்க் பாலன்ஸ் அவ்வளவு நீளமில்லை.

அம்மா உள்ளே இருந்தபடியே தீர்ப்பு சொன்னாள்: "நம்பெருமாளுக்கே ஆனி ஜேஷ்டாபிஷேகத்துல இருக்கிற கவசத்தைக் களைஞ்சு, துலக்கித்தானே சாத்தறா? உனக்கென்னடா புதுசு?"

பி.காம். படித்த பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக் எடுக்க உட்கார்ந்தேன். டி.வி. போய்விட்ட ரிமோட் 3. கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் 5 (நாலு ஓடவில்லை, ஒன்று ஓடுகிறது, தன் இஷ்டத்துக்கு). மூடி இல்லாத டப்பா 14, டப்பா இல்லாத மூடி 19. எல்லாம் 'என்றைக்காவது உதவும்' என்ற கணக்கில் நின்றன. எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடன்.

சரி, தள்ளுபடி செய்தாயிற்று. எங்கே தள்ளுவது? 2016-ல் தூய்மை நகரங்கள் பட்டியலில் நாட்டிலேயே 3-வதாக வந்தது நம்ம திருச்சி. (என் பரணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.) ஊர் குப்பையெல்லாம் பல வருஷம் போய்க் குவிந்த இடம் அரியமங்கலம். திருச்சிக்கு மலைக்கோட்டை ஒன்று போதும், இன்னொரு மலை எதற்கு? போகிக்குக் கொளுத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமும். எனவே காகிதமும் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர் கடைக்கு, கடிகாரம் ரிப்பேருக்கு.

மிஞ்சியது அப்பாவின் மர பீரோ. அவர் போன அன்று கூடத்தைக் காலி செய்ய ஜன்னலோரம் தள்ளியது, ஒன்பது வருஷமாக அங்கேயே நிற்கிறது. என் கணக்கில் அதன் புத்தக மதிப்பு 1 ரூபாய். அம்மா கணக்கு வேறு.

கோயிலையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். "2017-ல நம்ம கோயிலுக்கு யுனெஸ்கோ விருது வந்துதே, புதுசா கட்டினதுக்காம்மா? பின்னால வந்து ஒட்டிண்டதை எடுத்து, பழைய மழைநீர் வடிகாலை மறுபடி ஓட விட்டாளே, அந்தத் திருப்பணிக்கு. பீரோவை விக்க வேண்டாம். நகர்த்தினா போறும்."

அம்மா பதில் பேசவில்லை. முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

உள்ளே நாலு வேட்டி, கம்பி உடைந்த குடை, அப்பாவின் செலவு நோட்டு. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ரிப்பேர். செருப்பு வார் 15. சைக்கிள் பஞ்சர் 20. குடைக் கம்பி 25. 'புதுசு' என்ற வார்த்தை முழு நோட்டிலும் ஒரே ஓர் இடத்தில்தான்: 'பையனுக்கு காமர்ஸ் புத்தகம், புதுசு, ரூ. 210.'

கொஞ்ச நேரம் ஸ்டாக் எடுக்க முடியவில்லை.

பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் தடதடவென்று உள்ளே வந்தது. அப்பாவின் கிழிந்த வேட்டியை நனைத்துச் சுவரைத் துடைத்தேன். பழைய பெயிண்ட் உள்ளே பத்திரமாக இருந்தது. மனைவி புது பீரோ பேச்சை எடுக்கவில்லை.

குடையை ரிப்பேர் செய்து வந்து, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'குடைக் கம்பி, ரூ. 60.'

அம்மா நோட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஜாஸ்தி குடுத்துட்டே" என்றாள். "அப்பாவா இருந்தா நாப்பதுக்கு முடிச்சிருப்பார்."