நிற்கிற மெசினுக்கும் பசிக்கும்

மூன்று கிழமைக்கு முன்னர், புரட்டாதிக் கடைசியில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டம் மொன்றியலில் நடந்தது. லொங்குய்ய்யில் மெற்றோ எடுத்து, ஆற்றுக்குக் கீழால் போய், இரண்டு தரம் மாறிப் போய்ச் சேரவே ஒரு மணித்தியாலம். போனால் அங்கே வடையும் தேத்தண்ணியும் சண்டையும். வழமைதான்.

சண்டை எதுக்கென்றால், நாங்கள் காசு சேர்த்து ஊர் விவசாயிகளுக்கு வாங்கிக் கொடுத்த உழவு இயந்திரம் திரும்பவும் ஸ்ரார்ட் எடுக்கவில்லை. பற்றறி செத்துப்போச்சு, புதுசுக்குக் காசு அனுப்புங்கோ என்று ஊரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இது மூன்றாவது பற்றறி.

"சும்மா குடுத்தால் இப்பிடித்தான். ஊரில இருக்கிற ஆக்களுக்குப் பொறுப்பில்லை" என்றார் ஒருவர். "வித்துப்போட்டுக் காசைக் கோயிலுக்குக் குடுப்பம்" என்றார் இன்னொருவர். விற்கக் கூடாது என்று நான் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அந்த நேரம் எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது மெற்றோவுக்குள்தான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த கூட்டம் கார்த்திகையில். அதற்குள் ஐப்பசி மழை தொடங்கிவிடும். மழைக்கு முன் உழுது விதைக்காத வயலுக்குக் கார்த்திகையில் பற்றறி வாங்கி என்ன செய்வது?

முதலில் அந்தப் 'பொறுப்பில்லை' என்ற கதைக்கு வருகிறேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, குடாநாட்டுக்குக் கறன்ற் நின்றது. பெற்றோல், சீமெந்து, பசளை எல்லாவற்றுக்கும் தடை. ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றறிக்கும் தடை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணி விட்டு, இன்னும் இரண்டு நாள் உயிர் கொடுத்தவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்க, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். ஓடாமல் நின்ற கார்களின் பற்றறிகள் வீடுகளுக்குள் வந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு சின்ன பல்ப், செத்த வீட்டில் இரவுக்கு ஒரு லைற், எப்போதாவது ஒரு படம். எல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

கோண்டாவிலில் என் சித்தப்பா பற்றறி சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினில் பெல்ற் போட்டு, ஒரு பழைய காரின் ஓல்ரனேற்றரைச் சுற்ற விட்டு, அதில் வரிசையாகப் பற்றறிகளைக் கொழுவுவார். ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் பெயர். விடுவதற்கு வடித்த தண்ணி கிடைக்காது. முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாவது மழைத் தண்ணியைப் பிடித்து, வெள்ளைத் துணியில் வடித்துப் போத்தலில் வைத்திருப்பார். பற்றறியை எடுக்க வருகிற ஆளுக்குக் கட்டாயம் ஒரு பேச்சு விழும். "பாவிக்காட்டிலும் மாதத்துக்கு ஒருக்காக் கொண்டு வா. அது சும்மா இருந்தாலும் அதுக்குப் பசிக்கும்."

1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது மெசினை விட்டுவிட்டுத்தான் போனோம். ஆனால் ஒரு பற்றறி என் சைக்கிள் கரியரில் வந்தது. அசிட் சிந்தி என் காற்சட்டையில் ஓட்டை விழுந்தது தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரியும். இந்தச் சனத்தையா பற்றறி பாவிக்கத் தெரியாத சனம் என்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறுப்பில்லை என்று சொன்ன அந்த அண்ணருடைய கார் போன தை மாதம் ஸ்ரார்ட் எடுக்காமல் நின்று, நான்தான் கேபிள் கொண்டுபோய்க் கொழுவி எடுத்துவிட்டேன். அப்போது அவர் குளிரைத்தான் திட்டினார்.

எனக்கும் இங்கே வந்துதான் இதில் முழுப் பாடம் கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சென் உபேர் பக்கம் ஒரு கிழவரின் தோட்டத்தில் வேலை. அவரிடம் ஒரு பழைய ஃபோர்ட் 8என் உழவு இயந்திரம். 1947 தொடக்கம் 1952 வரை அமெரிக்காவில் செய்த சாமான். அறுவடை முடிந்து அதைக் கொட்டிலுக்குள் விடும்போது, பற்றறியைச் சார்ஜில் போடு என்று கையால் காட்டிவிட்டுப் போனார். நான் கோண்டாவில் ஆள் அல்லவா, எனக்கா தெரியாது? மூலையில் கிடந்த பழைய சார்ஜரை எடுத்துக் கொழுவினேன். கொஞ்ச நேரத்தில் பற்றறி கொதிக்கிற சத்தம், கூழ்முட்டை மணம். கிழவர் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "சீ வோல்! சீ வோல்!" என்று கத்தினார். என்னைச் 'சீ' என்று பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது. பிறகுதான் விளங்கியது, பிரெஞ்சில் ஆறு வோல்ற் என்றால் அப்படித்தான் சத்தம் வரும். அந்த மெசினுக்கு ஆறு வோல்ற் பற்றறி. நான் போட்டது பன்னிரண்டு.

அதோடு அந்த மெசினில் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். இப்போதைய வாகனங்களில் மறைமுனை. 'கறுப்பை உடம்பில் போடு' என்ற எங்கள் பழக்கத்தை அதில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால், தலைகீழாய்ப் போய்விடும். ஆகவே பழைய மெசின் எதிலும் முதல் பார்க்க வேண்டியது இரண்டு: எத்தனை வோல்ற், எந்த முனை உடம்பில்.

அடுத்த நாள் கிழவர் உள்ளங்கை அளவான ஒரு சின்னச் சார்ஜரோடு வந்தார். ஒன்றேகால் அம்பியர்தான் கொடுக்கும். வேகமாக நிரப்புகிற சாமான் இல்லை. நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொண்டு, பன்னிரண்டு வோல்ற் பற்றறி என்றால் பதின்மூன்றரை வோல்ற்றுக்குக் கிட்ட நின்று, கசிகிறதை மட்டும் ஈடுசெய்து கொண்டிருக்கும். மாதக்கணக்காய்க் கொழுவி விடலாம். பழைய சார்ஜர் அப்படி இல்லை. நிரம்பினாலும் தள்ளிக்கொண்டே இருந்து தண்ணியை வற்றச் செய்துவிடும். இந்தச் சின்னச் சாமான் இன்றைக்குக் கனேடியன் ரயரில் வாங்கலாம்.

பன்னிரண்டு வோல்ற் பற்றறி நிரம்பி ஓய்ந்திருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 12.4க்குக் கீழே இறங்கியபடி விட்டால் ஈயத்தகட்டில் வெள்ளைப் படிவு பிடிக்கத் தொடங்கும். நாள் போகப் போக அது இறுகும். இறுகினால் எந்தச் சார்ஜரும் அதைக் கழற்றாது. நிறையப் பற்றறிகள் சும்மா நிறுத்தித்தான் சாகின்றன.

மொன்றியல் குளிரில் இறங்கின பற்றறி சைபருக்குக் கீழே ஏழு பாகையிலேயே உறைந்து வெடிக்கலாம். நிரம்பின பற்றறிக்குக் கீழே ஐம்பது என்றாலும் ஒன்றும் ஆகாது. அதனால் குளிர்தான் பற்றறியின் எதிரி என்று இங்கே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வெக்கை அதைவிட மோசம். பத்துப் பாகை கூடினால் பற்றறி தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். எங்கள் ஊரில் நெல்லுக்குக் காலபோகம் மட்டும்தான். மாசியில் வெட்டு முடிந்து, சூடும் ஏற்றிப் பறித்தால் மெசினுக்குப் பெரிதாய் வேலை இல்லை. பங்குனியிலிருந்து ஆவணி வரை, சரியாக அந்தக் கொதிக்கிற மாதங்களில், தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறது.

கூட்டத்துக்கு அடுத்த நாள் மெசின் ஓடுகிற தம்பியோடு வாட்ஸ்அப்பில் கதைத்தேன்.

"தம்பி, கடைசியா எப்ப ஸ்ரார்ட் பண்ணினது?"

"சித்திரை வருசத்துக்கு முதல் அண்ணை. பிறகு தேவை வரேல்லை."

"பாட்டுப்பெட்டி பூட்டியிருக்கோ?"

சிரித்தார். "பாட்டில்லாமல் ஆர் அண்ணை உழுறது? நேர பற்றறியில குடுத்திருக்கு. திறப்பை எடுத்தாலும் பாடும்."

பாடாத நேரத்திலும் அது குடிக்கும். ஒரு அம்பியரில் இருபதில் ஒரு பங்கு குடித்தாலே, நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி. நூறு அம்பியர்-மணி பற்றறி மூன்று மாதத்துக்குள் வெறுமை.

இதை யார் அவருக்குச் சொன்னது? மெசின் வாங்கிக் கொடுத்த அன்று மாலை போட்டோம், படம் எடுத்தோம். உழுகிற நாட்களுக்குத் தம்பிக்குக் கூலி. நிற்கிற மாதங்களுக்கு ஒருவருக்கும் ஒரு சதம் இல்லை, ஒருவரையும் பொறுப்பாக விடவும் இல்லை. பிறகு இங்கே இருந்து, பொறுப்பில்லை என்கிறோம்.

கொழுவுகிற முறையைத் தம்பிக்குச் சொன்னபடியே இங்கேயும் எழுதுகிறேன். இந்த மாதம் படகு, புல்வெட்டி, மோட்டார் சைக்கிள் என்று கராஜுக்குள் விடப்போகிற உங்களுக்கும் உதவும். மூடியைத் திறந்து, தண்ணி தகட்டுக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் வடித்த தண்ணி மட்டும் விடுங்கள், அசிட் விடாதீர்கள். முனைகளில் பூத்திருக்கிற பச்சை வெள்ளையைச் சோடாத் தூள் கரைத்துக் கழுவுங்கள். சார்ஜரின் பிளக் சுவரில் இல்லாதபோதுதான் பற்றறியில் கைவைக்க வேண்டும். சிவப்பு நேர்முனையில். கறுப்பு, பற்றறிக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் தள்ளி, பெயின்ற் இல்லாத இரும்பில். பிறகுதான் சுவரில் பிளக். கழற்றும்போது சுவர் முதல், கறுப்பு அடுத்தது, சிவப்பு கடைசி. காரணம், சார்ஜ் ஆகிற பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வரும், முனைக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். சித்தப்பாவின் இடது புருவம் பாதிதான் இருந்தது, அதால்தான். ஒவ்வொரு வருசமும் கிளிப் போட விருப்பமில்லை என்றால், வளையம் வைத்த வயரைப் பற்றறி முனைகளில் நிரந்தரமாகப் பூட்டி, நுனியை வெளியே விடலாம். நேர்முனைப் பக்கம் பியூஸ் இருக்கிற வயராகப் பார்த்து வாங்குங்கள்.

இங்கிருந்து சார்ஜர் வாங்கி ஊருக்கு அனுப்பலாம் என்று உடனே வெளிக்கிடாதீர்கள். இங்கே 120 வோல்ற், அங்கே 230. சார்ஜரின் முதுகில் 100–240 என்று எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் புகைதான். எங்கள் கொட்டிலுக்குக் கறன்ற் லைனே இல்லை. ஆனால் வெயில் இருக்கிறதே! பத்து வாற் சூரியத் தகடு ஒன்று, ஐந்து மணித்தியால நல்ல வெயிலில் மூன்று அம்பியர்-மணிக்குக் கிட்டத் தரும். பற்றறி மாதத்துக்குப் பத்து வீதம் தானாக இறங்கும் என்று கூட்டியே வைத்தாலும், நாளுக்குத் தேவை அதில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் கூடிப்போய்த் தண்ணி வற்றாமல் இருக்க நடுவில் ஒரு கொன்ரோலர் வேண்டும். அதைப் பூட்டும்போது பற்றறிப் பக்கம் முதல், தகட்டுப் பக்கம் பிறகு.

கார்த்திகைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான். மெசினை விற்க வேண்டாம். பங்குனி தொடக்கம் ஆவணி வரை மாதாமாதம் தம்பிக்கு ஒரு சிறு தொகை. அதற்கு அவர் தண்ணி பார்த்து, வோல்ற் அளந்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுத வேண்டும். கொப்பியைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பட்டும். கோயிலில் விளக்கு எண்ணெய்க்குக் கணக்கு வைக்கிற சங்கம்தானே, இதுக்கும் வைக்கலாம்.

மழை கூட்டம் பார்த்து வராது என்பதால், நானும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் கைக்காசில் பற்றறிக்கும் தகட்டுக்கும் அனுப்பிவிட்டோம். சங்கத்திடம் கேட்காமல் செய்ததற்கு அங்கே பேச்சு வாங்குவேன், வாங்கட்டும். நேற்று இரவு தம்பி படம் அனுப்பியிருந்தார். கொட்டில் கூரையில் தகடு, உள்ளே பச்சை லைற், பின்னால் பாதி உழுத வயல். கீழே குரலில் ஒரு கேள்வி: "அண்ணை, பாட்டுப்பெட்டியைத் திரும்பப் பூட்டலாமோ?"

பூட்டு, ஆனால் திறப்புக்குப் பின்னால் குடு என்று சொல்லியிருக்கிறேன்.