பழைய காரும் ஒரு பையனின் விரல்களும்

மும்பைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பத்மினி காருக்குத் தனி இடம் உண்டு. தாதர் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டி படுக்கைகளை மேலே கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ முதன்முதலாகப் போனது பெரும்பாலும் பத்மினி டாக்ஸியில்தான். 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டுப் போனபோது, உறவினர் ஒருவரை வழியனுப்பியதுபோல் வருந்தியவர்களில் நானும் ஒருவன். என் தகப்பனார் வாங்கிய 1989-ஆம் வருட பத்மினி இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாசத்தைப் பற்றி எழுத நான் வரவில்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2024-இல் அதற்கான பரிசோதனைக்கு முதல் நாள், முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த காரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இடது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கூலியில் பேரம் பேசினேன். "சாயங்காலத்துக்குள் வேண்டும்" என்று அவசரப்படுத்தினேன். "ஆகட்டும் சார், பார்த்துக்கலாம்" என்றார் மெக்கானிக்.

அங்கே ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லை. ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, கொஞ்சம் கயிறு. இவற்றை வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கீழ்க்கையின் போல்ட்டைக் கழற்றினான். அடுத்த நொடி வெடிபோல் ஒரு சத்தம். ஸ்பிரிங் தகரச் சுவரில் போய் மோதிக் கிடந்தது. பையனின் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதில் விஷயம் என்னவென்றால், அந்தப் பையன் கவனக்குறைவானவன் அல்ல. இன்றைய கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பெரும்பாலும் ஒரே கூட்டாக இருக்கும். மேல் நடு நட்டைத் தொடாதவரை ஸ்பிரிங் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். அவன் பழகியது அதில்தான். பத்மினியிலோ சட்டத்துக்கும் கீழ்க்கைக்கும் நடுவே ஸ்பிரிங் நெருக்கப்பட்டு நிற்கிறது. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கினாலும் அது முழுவதும் தளர்ந்துவிடுவதில்லை. கீழ்க்கையை அவிழ்த்தால் வில்லின் நாணை அறுத்த கதைதான். தினமும் இதைச் செய்து கைபழகியிருந்த டாக்ஸி மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்டார்கள். கார் மட்டும் மிஞ்சியிருக்கிறது; அதைத் தொடும் கைகள் புதியவை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 300 கிலோ பாரத்தில் 15 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் சக்தி, பத்து கிலோ எடைக்கல்லை ஓர் ஆள் கையை உயர்த்தித் தொடும் உயரத்திலிருந்து போட்டால் வருவதற்குச் சமம். அது விரல் மேல் விழுந்தால் என்ன மிஞ்சும்?

முறை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. சமதளத்தில் காரை நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுக்க வேண்டும். சட்டத்தின் அடியில் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல்லும் ஜாக்கியும் போதாது. கம்ப்ரஸரின் இரு கொக்கிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில், கூடியமட்டும் அதிகச் சுற்றுகளைப் பிடிக்கும்படி மாட்டி, மாற்றி மாற்றிச் சில திருப்பாக, கையாலேயே முறுக்க வேண்டும். கூடவே ஒரு சங்கிலியும் பிணைக்கலாம். ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தையோ கையையோ வைக்கக் கூடாது. மாட்டும்போதும் இதே நிதானம் வேண்டும். விரிசல் கண்ட ஸ்பிரிங்கை அமுக்கவே கூடாது. ஒரு பக்கம் தளர்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி. இதற்கெல்லாம் வேண்டியது அரை நாள் பொறுமையும், நம் வீட்டு விசேஷத்தில் ஒரு வேளைக் காப்பிச் செலவுக்கு ஆகும் பணமும்தான்.

மெக்கானிக்கைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். சிலர் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். ஆனால் அவசரம் என்னுடையது, பேரமும் என்னுடையது. "எப்படியாவது முடித்துக் கொடு" என்று சொல்கிறவன், அந்த "எப்படியாவது" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? ஜுகாட் என்று நாம் மெச்சிக்கொள்ளும் சாமர்த்தியத்துக்கு வேறு யாரோ ஒருவர் கையை அடமானம் வைக்கிறார்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டியை விடுமுன் கம்ப்ரஸர் இருக்கிறதா, ஸ்டாண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு ஆனாலும் பரவாயில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வைத்தியச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் நான் கொடுத்தேன். பையன் இப்போது வேலைக்கு வருகிறான். ஆனால் ஒரு விரல் இன்னும் முழுவதும் மடங்குவதில்லை. என் கார் மட்டும் நேராக நிற்கிறது.